தொடக்கப் பிழையும் மீளும் வழியும்

1988ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்தின் பீல் நகரில், விசுவநாதன் ஆனந்த் ஆறாம் நகர்விலேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். எதிரே அமர்ந்திருந்தவர் கொலம்பியாவின் அலோன்சோ சப்பாத்தா. சதுரங்கத்தின் தொடக்கப் பிழையை ஆராய விழைவோர்க்கு இதனினும் தெளிந்த சான்று அரிது.

பெத்ரோவ் தற்காப்பில் ஆனந்தின் கறுப்புக் குதிரை பலகையின் நடுவே வந்து நின்றது. ஐந்தாம் நகர்வில் அதற்குக் காவலாக அமைச்சரை நிறுத்தினார். சப்பாத்தா தம் அரசியை, அரசனுக்கு நேர்முன் உள்ள கட்டத்தில் வைத்தார். அவ்வளவே. வெள்ளை அரசிக்கும் கறுப்பு அரசனுக்கும் இடையே நேர்க்கோட்டில் அகப்பட்ட குதிரை விதிப்படியே அசைய முடியாது. கறுப்பு அரசி குறுக்கே வந்து காத்தால், வெள்ளைக் குதிரை பாய்ந்து அவளை விரட்டும். அடுத்து ஒரு காலாள் ஓரடி முன்னேற, நடுக்குதிரை வீழும். இதே ஐந்தாம் நகர்வு முந்தைய ஆண்டு மைல்சு, கிறித்தியன்சன் ஆகியோர் ஆடிய ஆட்டத்திலும் வந்திருந்தது. அன்று வெள்ளை அதைத் தண்டிக்கவில்லை. ஆட்டம் சமனில் முடிந்து அச்சிலும் ஏறியது. அச்சேறிய நகர்வை நம்பியதன் விலை ஒரு குதிரை.

தேர்ந்த வல்லுநர்களிடையே ஒரு குதிரையை இழந்தவர் எழுந்து கைகுலுக்குவது முறை. பயில்நிலை ஆட்டக்காரர் அம்முறையைப் பின்பற்றவே கூடாது. அவர் எதிரே இருப்பவரும் பிழை செய்பவர். ஒரே ஆட்டத்தில் முன்னிலை பலமுறை கைமாறும். தொடக்கப் பிழை தரும் இழப்பைவிட, அதையடுத்து வரும் இரண்டாம் பிழை தரும் இழப்பே பெரிது என்பது என் துணிபு.

அந்த இரண்டாம் பிழை எங்கே பிறக்கிறது? பலகையில் அன்று. கோட்டை கட்டும் உரிமை, காலாளைக் கடந்துபிடிக்கும் உரிமை, நிலை மீள்வரவு, ஐம்பது நகர்வு விதி ஆகியவற்றை நீக்கினால், ஒரு நிலையின் மதிப்பு அது வந்த வழியைச் சார்ந்ததே இல்லை. கணினி நிரலும் அவ்வாறே எடைபோடுகிறது. சற்றுமுன் நேர்ந்த தவற்றை மனிதமூளை மட்டுமே சுமக்கிறது. பிலாலிச், மெக்லியாடு, கோபே ஆகிய உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. பழகிய வெற்றிவழி ஒன்றும், அதனினும் குறுகிய வழி ஒன்றும் உள்ள நிலையை அவர்கள் ஆட்டக்காரர்முன் வைத்தனர். பழகிய வழியைக் கண்டவர்கள், வேறு நல்வழியைத் தேடுவதாகவே கூறினர். அவர்தம் விழியசைவைப் பதிந்த கருவியோ, பார்வை முதல் வழிக்குரிய கட்டங்களையே சுற்றியதைக் காட்டியது. முதல் எண்ணமே கண்ணைக் கட்டிவிடுகிறதென்றால், “தோற்றுவிட்டேன்” என்னும் எண்ணம் எத்துணைக் கட்டங்களை மறைக்கும்!

ஆகவே மீட்சியின் முதற்படி, அந்நிலையை வேறொருவர் ஆடிவைத்துப் போனதாகக் கொண்டு புதிதாய் நோக்குவது: என் அரசன் எங்கே, காவலற்ற காய் எது, எதிரி அடுத்து எதைத் தாக்குவார்? அரசனைக் காப்பிடத்தில் சேர்த்து, வெளிவராத காய்களை வெளிக்கொணர வேண்டும். அரசியைத் தனியே அனுப்பிப் பழிதீர்க்கப் புகுவதுதான் நான் மிகுதியாகக் கண்ட இரண்டாம் பிழை. ஒரு குதிரையோ அமைச்சரோ குறைந்தவர், பெருங்காய்களை மாற்றிக்கொள்ளாது காலாட்களை மாற்றிக்கொள்ளுதல் நன்று. காலாட்கள் முற்றும் தீர்ந்து, எதிரியிடம் அரசனோடு ஒரு குதிரை அல்லது ஓர் அமைச்சர் மட்டும் எஞ்சினால், எவ்வளவு முயன்றும் அவரால் முற்றுகையிட்டு வெல்ல இயலாது, ஆட்டம் சமனே.

ஆனந்த் பின்னாளில் இன்னொரு முறையும் நினைவால் வழுக்கினார். 2010 ஏப்பிரல் 24, சோபியாவில் உலகப் பட்டத்துக்கான முதல் ஆட்டம். முன்பே ஆய்ந்து வைத்த வரிசை குழம்ப, தோப்பலோவிடம் 30 நகர்வில் வீழ்ந்தார். மறுநாளே இரண்டாம் ஆட்டத்தை வென்றார். மே 11இல் கறுப்புக் காய்களோடு பன்னிரண்டாம் ஆட்டத்தையும் வென்று, ஆறரைக்கு ஐந்தரை எனப் பட்டத்தைக் காத்தார்.

சானமாவிலும் சூளகிரியிலும் ஓசூர்த் தொழிற்பேட்டையின் பணிமாற்ற இடைவேளைகளிலும் ஆடும் அன்பர்கள் ஒன்று செய்தல் வேண்டும். தோற்ற ஆட்டத்தின் நகர்வுகளை எழுதிவைத்து, முதற்பிழைக்கும் இரண்டாம் பிழைக்கும் தனித்தனியே கோடிடுங்கள். இரண்டாவதைப் பற்றியே முதலில் ஆராயுங்கள்.