டிராம்போனைப் பாட வைத்த ஜாக் டீகார்டன்

அமெரிக்காவில் பெரிய ஜாஸ் இசைக்குழுக்கள் கோலோச்சிய காலத்தில் பாடகர், டிராம்போன் கலைஞர், பாடலாசிரியர் என மூன்று நிலைகளிலும் அறியப்பட்டவர் ஜாக் டீகார்டன். டெக்சாஸ் மாநிலத்தின் வெர்னான் நகரில் 1905 ஆகஸ்ட் 20ஆம் தேதி பிறந்தவர்.

டிராம்போனில் நீண்ட சறுக்குக் குழாயை முன்னும் பின்னும் நகர்த்தி, ஏழு நிலைகளில் நிறுத்திச் சுரங்களைப் பெற வேண்டும். சிறுவனாக இருந்த டீகார்டனுக்குக் கடைசி நிலைகள் கைக்கு எட்டவில்லை. எனவே, அருகிலுள்ள நிலைகளிலேயே உதட்டின் அழுத்தத்தை மாற்றி வாசிக்கப் பழகினார். வளர்ந்த பின்னும் அப்பழக்கத்தை விடவில்லை. கடினமான சுரக்கோவைகளும் அவரிடம் பேச்சைப் போல எளிதாக வெளிப்பட்டதற்கு அதுவே காரணம். அவரது பாட்டிலும் அதே நிதானம் உண்டு.

1927இல் நியூயார்க் சென்ற அவர், மறு ஆண்டு பென் போலக்கின் குழுவில் சேர்ந்தார். 1929இல் லூயி ஆம்ஸ்ட்ராங்குடன் இணைந்து ஒலிப்பதிவு செய்தார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாக வாசிப்பது அரிதாக இருந்த காலம் அது. 1933 நவம்பரில் பெஸ்ஸி ஸ்மித்தின் கடைசி ஒலிப்பதிவிலும், மூன்றே நாட்கள் கழித்து பில்லி ஹாலிடேயின் முதல் ஒலிப்பதிவிலும் டிராம்போன் வாசித்தவர் இவரே.

அடுத்த மாதம் பால் வைட்மேனின் குழுவுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். பொருளாதார மந்தநிலை நிலவிய நாட்களில் நிலையான ஊதியம் பெரிய விஷயம்தான். ஆனால், 1935இல் ஸ்விங் இசை அலை எழுந்தபோது, போலக் குழுவில் உடன் வாசித்த பென்னி குட்மேன் புகழின் உச்சிக்குச் செல்ல, டீகார்டனால் ஒப்பந்தத்தை விட்டு விலக முடியவில்லை. 1939இல் அவர் சொந்தக் குழு தொடங்கியபோது களம் நிரம்பியிருந்தது. கடன் சுமையோடு இழுத்துச் சென்ற அக்குழு 1946இல் கலைந்தது. 1947 முதல் 1951 வரை ஆம்ஸ்ட்ராங்கின் ஆல் ஸ்டார்ஸ் குழுவில் வாசித்தார்.

பாடலாசிரியராகவும் அவருக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை. ஸ்பென்சர் வில்லியம்ஸின் 'பேசின் ஸ்ட்ரீட் புளூஸ்' பாடலை 1931இல் ஒலிப்பதிவு செய்தபோது, அதற்கு ஒரு தொடக்கப் பகுதியை டீகார்டனும் கிளென் மில்லரும் எழுதிச் சேர்த்தனர். இன்று பலரும் அதையும் சேர்த்தே பாடுகின்றனர். ஆசிரியர் பெயரோ வில்லியம்ஸுடையது மட்டுமே.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் சார்பில் 1958-59இல் ஆசியப் பயணம் மேற்கொண்ட அவர், இந்தியாவிலும் வாசித்தார். 1964 ஜனவரி 15ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸில் தமது 58ஆவது வயதில் காலமானார்.