பாட்டுப் பெட்டி ஊமையானால்...

தவக்காலத்து வெள்ளிக்கிழமை மாலை. சிலுவைப்பாதை முடிந்து ஆலயத்திலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்தினர், வழக்கம்போல் கணினியின் முன் அமர்ந்தனர். அவ்வீட்டுப் பெரியவர் உபதேசியாராக இருந்தவர். அவர் பாடிய வியாகுலப் பாடல்களை மகன் ஒலிநாடாவில் பதிந்து வைத்தார். பேரன் அவற்றைக் கணினியில் ஏற்றினான். பெரியவர் இறைவனடி சேர்ந்த பின்னரும் தவக்காலம்தோறும் அவர் குரல் அந்த வீட்டில் ஒலித்து வந்தது.

அன்று ஒலிக்கவில்லை. பாட்டுச் செயலியைத் திறந்தால், ஒரு கணம் தோன்றி மறைந்தது. முந்தின நாள் கணினி இயங்கிக்கொண்டிருக்கையில் மின்சாரம் திடீரென நின்றதாம். ஒலிநாடாவோ பூஞ்சை பிடித்துப் பயனற்றுப் போய்விட்டது.

பழுது பார்க்க வந்த இளைஞர், "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றித் தருகிறேன்" என்றார். மருமகள் பதறிப்போய், "தம்பி, சற்றுப் பொறுங்கள். மாமாவின் குரல் அதற்குள் இருக்கிறது. அதை முதலில் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு எதையும் செய்யுங்கள்" என்றார். அந்த ஒரு சொல்லே அக்குரலைக் காத்தது.

இந்நிலை எந்த இல்லத்திற்கும் நேரலாம். ஆகவே ஓர் அடிப்படை உண்மையை நாம் அறிந்திருத்தல் நலம். பாட்டுச் செயலி வேறு, பாடல்கள் வேறு. பாடல்கள் கணினியில் தனிக் கோப்புகளாக இருக்கின்றன. செயலி அவற்றிற்கு ஓர் அட்டவணையை எழுதி வைத்துக்கொண்டு, கேட்டதை எடுத்துத் தருகிறது. நூலகத்தின் அட்டவணை கிழிந்துவிட்டால் நூல்கள் எரிந்துவிட்டன என்று பொருளாகுமா?

2001-ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட 'ஐடியூன்ஸ்' செயலியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2003-இல் அது விண்டோஸ் கணினிகளுக்கும் வந்தது. 2019-இல் அந்நிறுவனத்தின் மேக் கணினிகளில் 'மியூசிக்' என்னும் செயலி அதன் இடத்தைப் பெற்றது. விண்டோஸ் கணினியில் ஐடியூன்ஸ் திறக்க மறுத்தால் செய்யத்தக்கவை இவை.

முதலாவதாக, 'மியூசிக்' என்னும் கோப்புறை முழுவதையும் ஒரு பென் டிரைவிலோ தனி ஹார்ட் டிஸ்கிலோ படியெடுத்து வையுங்கள். இதைச் செய்யாமல் வேறெதிலும் கை வைக்க வேண்டாம். பாடல்கள் அங்கே காணப்படாவிடில், பெயரைக் கொண்டு கணினி முழுவதும் தேடிப் பாருங்கள்.

அடுத்து, கணினியை முறைப்படி நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். முன்பு திறந்த செயலி மூடப்படாமல் மறைவில் இயங்கிக்கொண்டிருந்தால், அது புதிதாகத் திறவாதிருக்கலாம். மறுபடி இயக்குவதால் அத்தடை நீங்கும். வட்டில் இடம் நிரம்பிவிட்டதா என்பதையும் கவனியுங்கள்.

அதன் பின்னரும் திறக்கவில்லையெனில், கண்ட்ரோல், ஷிப்ட் ஆகிய இரு விசைகளையும் அழுத்திக்கொண்டே ஐடியூன்ஸைத் திறவுங்கள். பிறர் தயாரித்த துணைச் செயலிகளை விலக்கிவிட்டு அது தனித்து இயங்கும். இப்போது சரியாக இயங்கினால், குற்றம் அத்துணைச் செயலிகளில் ஒன்றினுடையது.

அதுவும் பயன் தராவிடில், ஷிப்ட் விசையை மட்டும் அழுத்திக்கொண்டு திறவுங்கள். எந்த நூலகத்தைத் திறப்பது என்று அது கேட்கும். புதியதொன்றை உருவாக்கச் சொல்லுங்கள். செயலி நன்கு திறந்தால், பழைய அட்டவணையே பழுதானது என அறியலாம். ஐடியூன்ஸ் கோப்புறைக்குள் 'ஐடியூன்ஸ் லைப்ரரி' என்ற பெயரில், ஐ.டி.எல். என முடியும் கோப்பே அந்த அட்டவணை. அதை அழிக்காமல் வேறிடத்திற்கு மாற்றுங்கள். 'பிரீவியஸ் ஐடியூன்ஸ் லைப்ரரீஸ்' என்னும் உள் கோப்புறையில், முன்னாள் அட்டவணைகள் தேதியிட்டு வைக்கப்பட்டிருக்கக் கூடும். அவற்றுள் அண்மையதைப் படியெடுத்து, பழைய பெயரைச் சூட்டி, பழைய இடத்தில் வையுங்கள். அத்தேதிக்குப் பின் சேர்த்த பாடல்களை மட்டும் மீண்டும் சேர்க்க வேண்டியிருக்கும். ஒரு பாடலின் அருகே வியப்புக்குறி தோன்றினால், அக்கோப்பைச் செயலியால் கண்டறிய இயலவில்லை என்பதே அதன் பொருள்.

செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது இறுதி வழியாகவே இருக்கட்டும்.

மேற்கூறிய குடும்பத்தில் நடந்ததும் இதுவே. அட்டவணைதான் சிதைந்திருந்தது, பாடல்கள் யாவும் பழுதின்றி இருந்தன. மறு வெள்ளிக்கிழமை பெரியவரின் குரல் மீண்டும் அந்த வீட்டை நிறைத்தது. இப்போது அதன் படிகள் மூன்று வீடுகளில் உள்ளன. உடன்பிறந்தார் ஒவ்வொருவரிடமும் ஒன்று!

காணாமற்போன திராக்மாவைத் தேடிய பெண்ணைப் புனித லூக்கா நற்செய்தியில் காண்கிறோம். அவள் விளக்கேற்றினாள், வீட்டைப் பெருக்கினாள், கவனமாகத் தேடினாள். வீட்டை இடித்துவிடவில்லை. பொறுமையோடு தேடியவளுக்குப் பொருள் கிடைத்தது; அண்டை வீட்டாரையும் அழைத்து மகிழ்ந்தாள்.

நம் இல்லத்து முதியோரின் செபமும் பாட்டும் எங்கே பதிந்திருக்கின்றன? இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும், பிள்ளைகளோடு அமர்ந்து அவற்றிற்கு ஒரு படி எடுத்து வைப்போமா?