ஃபேன் மாட்டுறவர் டிரான்ஸ்ஃபார்மரைத் தொடலாமா? ஹெச்.டி. வேலையும் லைசென்ஸும்

இன்னைக்கு ஒரு நேயர் கேள்வியிலிருந்து நேரா ஆரம்பிச்சிடலாம். சென்னையில ஒரு பெரிய அபார்ட்மெண்ட்ல இருக்காங்க. காம்பவுண்டுக்குள்ள ஒரு டிரான்ஸ்ஃபார்மர். ஈபி வெச்சது இல்ல, குடியிருப்போட சொந்தம். அதுல எண்ணெய் கசியுது. "வழக்கமா வர்ற எலக்ட்ரீஷியனையே பார்க்கச் சொல்லலாம்னு அசோசியேஷன்ல சொல்றாங்க. சொல்லலாமா?"

சொல்லக் கூடாது. அவர் 20 வருஷ அனுபவசாலியா இருந்தாலும் சரி.

ஏன்னு புரியணும்னா முதல்ல 'ஹெச்.டி.'ன்னா என்னன்னு பார்க்கணும். நம்ம வீட்டுக்கு வர்றது 230 வோல்ட். மூணு ஃபேஸ்னா 400-ஐ ஒட்டி. தெருவுல அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு மேல் பக்கம் வந்து சேர்ற கம்பியில பெரும்பாலும் 11,000 வோல்ட். 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் 650 வோல்ட்டைத் தாண்டினாலே 'உயர் அழுத்தம்'னு வகுத்துச்சு. 33,000-ஐத் தாண்டினா 'மிகை உயர் அழுத்தம்'. அந்த டிரான்ஸ்ஃபார்மரோட ஒரு பக்கம் நம்ம எலக்ட்ரீஷியனுக்குத் தெரிஞ்ச உலகம், மறுபக்கம் வேற உலகம்.

அந்த வேற உலகத்துல டெஸ்டரை வெச்சுப் பார்க்கிற பேச்சே கிடையாது. கம்பியைத் தொட வேண்டியதில்லை, போதுமான அளவு நெருங்கினாலே காற்றைக் கிழிச்சுக்கிட்டு மின்சாரம் பாயும். அதனாலதான் வெளிப்புறத் துணை மின்நிலையங்கள்ல ஆள் வேலை செய்யும் இடத்துக்கும் உயிரோட இருக்கும் பாகத்துக்கும் நடுவுல விட வேண்டிய தூரத்தை விதியே மீட்டர் கணக்குல சொல்லுது. 11 கிலோவோல்ட்டுக்கு 2.6 மீட்டர். 400 கிலோவோல்ட்டுக்கு 6.4 மீட்டர். காற்றைத் தாண்ட உண்மையில அவ்வளவு தூரம் தேவையில்லை. ஆனா மனுஷன் கையை நீட்டுவான், ஸ்பேனர் நழுவும், ஏணி சாயும். அதுக்கெல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

சரி, லைசென்ஸுக்கு வருவோம். நம்ம ஊர்ல 'லைசென்ஸ் எலக்ட்ரீஷியன்'னு பொதுவா சொல்லிடறோம். சட்டம் ஒரே ஆளைப் பற்றிப் பேசலை, மூணு பேரைப் பற்றிப் பேசுது. மாநில அரசிடம் உரிமம் வாங்கின ஒப்பந்தக்காரர் வேலையை எடுக்கணும். தகுதிச் சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளர் நேரடியாக் கூட நின்னு பார்க்கணும். கையால வேலை செய்யறவர்கிட்டயும் அரசு கொடுத்த, இல்லை அங்கீகரிச்ச அனுமதி இருக்கணும். இதுல ஒருத்தர் இல்லைன்னாலும் வேலை நடக்கக் கூடாது. 1956 விதிகள்ல இது 45-ஆவது விதி. 2003 மின்சாரச் சட்டம் வந்த பிறகு, மத்திய மின்சார ஆணையம் 2010-ல கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறையில 29-ஆவது. 2023-ல அதைப் புதுசா எழுதினப்பவும் சாரம் மாறலை.

இதுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச், 250 வோல்ட்டுக்குள்ள ஓடுற வீட்டு சாதனங்கள், இதையெல்லாம் இருக்கிற இணைப்போட தன்மையோ திறனோ மாறாம மாத்திக்கிட்டா மேலே சொன்ன எதுவும் வேண்டாம். அதாவது பல்பு மாத்த லைசென்ஸ் தேவையில்லைன்னு சட்டமே உட்கார்ந்து எழுதி வெச்சிருக்கு! நம்ம எலக்ட்ரீஷியன் அண்ணன் தினமும் செய்யறதுல பாதி இந்த விதிவிலக்குக்குள்ள அடங்கிடும். டிரான்ஸ்ஃபார்மர் அடங்காது.

தமிழ்நாட்டுல இந்தச் சான்றிதழ்களையும் ஒப்பந்தக்காரர் உரிமத்தையும் கொடுக்கிறது மின் உரிமம் வழங்கும் வாரியம். ஏணியோட அடிப்படி 'மின்கம்பி உதவியாளர்' தகுதித் தேர்வு. பேப்பர்ல அறிவிப்பு பார்த்திருப்பீங்க: 21 வயசு ஆகியிருக்கணும், வயரிங் வேலையில 5 வருஷத்துக்குக் குறையாத அனுபவம் வேணும். அதுக்கு மேல கம்பியாளர், அதுக்கும் மேல மேற்பார்வையாளர். ஒண்ணை நினைவுல வெச்சுக்கங்க: ஐ.டி.ஐ. சான்றிதழ் வேற, இந்தத் தகுதிச் சான்றிதழ் வேற. முதல்ல சொன்னது படிச்சதுக்கு, ரெண்டாவது வேலை செய்யறதுக்கு.

இத்தோட முடியலை. மின்பாதைகள், கருவிகள்ல வேலை செய்ய ஒருத்தரை 'நியமிக்கப்பட்ட நபர்'னு குறிப்பிடணும்னா, அவர்கிட்ட சான்றிதழ் இருக்கணும், அவர் பெயரும் என்ன வேலைக்காக நியமிக்கப்பட்டார்ங்கறதும் அந்த நிறுவனத்தோட பதிவேட்டுல ஏறியிருக்கணும். உயிரோட இருக்கிற லைன்ல வேலை செய்யறவருக்கு மட்டுமில்ல, பக்கத்துல நின்னு சாமான் எடுத்துக் கொடுக்கிறவருக்கும் இது பொருந்தும். 'சும்மா ஹெல்ப்புக்கு வந்த பையன்'ங்கற வார்த்தைக்கு இந்த விதியில இடமே இல்லை.

பேப்பர்ல இவ்வளவு கறாரா இருக்கிறது எதுக்குன்னு 'லைன் கிளியர்'ங்கற ஒரே சொல்லை வெச்சுப் புரிஞ்சுக்கலாம். ஈபிக்காரங்க பேச்சுல 'எல்.சி.'. "எல்.சி. வாங்கியாச்சா?"ன்னு கம்பத்துக்குக் கீழ நின்னு கத்திக் கேட்பாங்க, கவனிச்சிருப்பீங்க. லைனை ஆஃப் பண்ற அதிகாரம் உள்ளவர், 'இந்தப் பகுதி நிறுத்தப்பட்டிருக்கு, இன்னார் வேலை செய்யலாம்'னு வேலை செய்யறவர் பேருக்குக் கொடுக்கிற அனுமதி அது. அவர் வேலை முடிச்சு, ஆளெல்லாம் இறங்கிட்டாங்கன்னு சொல்லி அதைத் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் சுவிட்சை யாரும் தொடக் கூடாது.

எல்.சி. வாங்கினாலும் நேரா கம்பியில கை வைக்கக் கூடாது. முதல்ல லைன் செத்திருக்கான்னு சோதிக்கணும், அப்புறம் எர்த் ராடு மாட்டணும். ஆஃப் பண்ண லைனுக்கு எதுக்கு எர்த்? இங்கதான் பலர் உயிரை விட்டிருக்காங்க. கரண்ட் போனதும் ஏதோ ஒரு கடையில ஜெனரேட்டர் ஓடுதுன்னு வெச்சுக்கங்க. மெயின்ல இருந்து அது சரியாப் பிரிக்கப்படலைன்னா, அந்த 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்குள்ள தலைகீழாப் போகும். 11,000-ஐ 230 ஆக்கற அதே டிரான்ஸ்ஃபார்மர், திருப்பி ஊட்டினா 230-ஐ 11,000 ஆக்கிடும். ஆஃப் ஆன லைன்ல நம்பி ஏறினவர் தலைக்கு மேல மறுபடியும் ஹெச்.டி. எர்த் ராடு மாட்டியிருந்தா அந்தக் கரண்ட் ஆள் உடம்பைத் தேடாம மண்ணுக்குப் போகும். பக்கத்துல ஓடுற இன்னொரு லைனோட தூண்டலால வர்ற கரண்ட்டுக்கும், நீளமான கேபிள்ல தங்கி நிக்கிற சார்ஜுக்கும் இதே மருந்துதான்.

இதைப் புத்தகத்துல படிச்சாத் தெரிஞ்சுக்கலாம். ஆனா மழை நாள்ல, பத்து பேர் "எப்போ கரண்ட் வரும்?"னு நச்சரிக்கும்போது, எர்த் மாட்டற அந்தப் பத்து நிமிஷத்தை விட்டுக்கொடுக்காம நிக்கணும். மேற்பார்வையாளர்னு தனியா ஒருத்தரைச் சட்டம் வெச்சிருக்கிறது முக்கியமா இதுக்குத்தான்னு நான் நினைக்கிறேன். கூலிக்கு வந்த ஆளால "முடியாது"ன்னு சொல்ல முடியாது. சான்றிதழ் பணயத்துல இருக்கிறவரால சொல்ல முடியும். மேற்பார்வையாளர் கையெழுத்து மட்டும் ஃபைல்ல இருந்து, ஆள் வேற ஊர்ல இருந்தா, கம்பத்துல ஏறினவருக்காகப் பேச அங்க யாரும் இல்லை.

வேற ஊர்ல எப்படி? நம்ம ஆட்கள் நிறைய பேர் வேலை செய்யற சிங்கப்பூர்ல உரிமத்தை மின்சுமையை வெச்சே பிரிச்சிருக்காங்க. 'எலக்ட்ரீஷியன்' உரிமத்துக்கு எல்லை 45 கேவிஏ, 'டெக்னீஷியன்' வடிவமைக்கவும் நிறுவவும் 150 கேவிஏ. ரெண்டு பேருமே 1,000 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. உயர் அழுத்தம்னா உரிமம் பெற்ற இன்ஜினீயர்தான், அதுலயும் எவ்வளவு வோல்ட் வரைக்கும்ங்கற நிபந்தனை அவரவர் உரிமத்துலயே இருக்கும். அட்டையைப் பார்த்தாலே ஆள் எதுவரைக்கும் போகலாம்னு தெரிஞ்சிடும். சாதாரண ஜனங்க சரிபார்க்கிறதுக்கு இது நம்ம முறையைவிட சுலபம்.

இப்போ அந்த அசோசியேஷன் என்ன செய்யணும்? ஹெச்.டி. வேலைக்கான உரிமம் உள்ள ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுங்க. உரிமம் எந்த அழுத்தம் வரைக்கும், எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு நகலை வாங்கிப் பாருங்க. வேலை நடக்கும் நாள்ல எந்த மேற்பார்வையாளர் நேர்ல வருவார்னு எழுத்துல கேளுங்க. உங்க பக்கத்து சுவிட்சுல பிரிக்க முடியாத பகுதின்னா ஈபிக்கு எழுதிக் கொடுத்து சப்ளையை நிறுத்தச் சொல்லணும், போன்ல சொல்றது போதாது. குடியிருப்போட ஜெனரேட்டரையும், மாடியில சோலார் இருந்தா அதையும் பிரிச்சுப் பூட்டிடுங்க, சாவி மேற்பார்வையாளர்கிட்ட இருக்கட்டும். அதுவரைக்கும் அந்த வேலிக்குள்ள யாரும் போக வேண்டாம், எண்ணெயைத் துடைக்கக்கூட.