முகூர்த்தத்துக்கு முன் ஓர் ஒத்திகை

நாற்பது ஐம்பது வருடங்களுக்கு முன் கல்யாணப் பெண்ணின் அலங்காரத்துக்கு ஒத்திகை என்று எதுவும் கிடையாது. ஜடை பின்னப்போகிற பெரியம்மா, அந்தத் தலைக்குக் குழந்தையிலிருந்தே எண்ணெய் வைத்தவர். வகிடு எந்தப் பக்கம் சாயும், சுழி எங்கே, காதோரம் எந்த முடி அடங்காது என்பதெல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். கோடையில் மல்லிகை மலிந்தால் அதே சிறுமிக்கு வாழைப்பட்டையில் மொட்டுகளைத் தைத்துப் பூ ஜடை போடுவார். ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய், பின்னழகு கண்ணாடியில் தெரிய நிற்கவைத்துப் படம் எடுப்பார். அந்தத் தலை எவ்வளவு கனம் தாங்கும், எங்கே இறுக்கினால் வலிக்கும் என்ற கணக்கெல்லாம் அப்போதே முடிந்துவிடும்.

கல்யாணத்தன்று ராக்கொடி, சவுரி, குஞ்சலம், சூரியப் பிரபை, சந்திரப் பிரபை எல்லாம் வந்து சேரும். பாதி நகை சொந்தக்காரர்களிடம் இரவல் வாங்கியது. முகத்துக்கு மஞ்சள், குட்டிக்கூரா பவுடர், கண்ணுக்கு மை, நெற்றிக்குச் சாந்து. அவ்வளவுதான்.

அத்தனை அன்புக்கு நடுவிலும் பெண்ணை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஜடை இழுக்கிறது என்றால், “கொஞ்ச நேரந்தானேடி, பொறுத்துக்கோ” என்பார்கள். எல்லாம் முடிந்த பிறகே கண்ணாடி கைக்கு வரும். என் தலைமுறை அம்மாக்கள் பலருடைய கல்யாண ஆல்பத்தில் தெரிகிற அந்த இறுகிய முகத்தை வெட்கம் என்றே நாம் சொல்லிவந்தோம். அதில் பாதியாவது தலைவலியாக இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இன்று அலங்காரம் செய்ய வருபவர் இன்ஸ்டாகிராமில் படம் பார்த்துப் பேசி முடித்த, வேறு ஊர்க்காரர். அந்தத் தலையை அவர் முன்பின் தொட்டதில்லை. பெரியம்மா இருபது வருடத்தில் கற்றதை இவர் இரண்டு மூன்று மணி நேரத்தில் கற்றாக வேண்டும். டிரையல் என்கிற ஒத்திகை இருப்பது அதற்குத்தான். ஆனால் பலர் அதைப் படம் எடுக்கிற சடங்காக்கிவிடுகிறார்கள். ஏசி அறையில் சுடிதாரோடு உட்கார்ந்து, ரிங் லைட் வெளிச்சத்தில் நாலு செல்ஃபி எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் முகத்தைக் கழுவிவிடுகிறார்கள். கல்யாண நாளில் ஹோமப் புகை இருக்கும், வீடியோ விளக்கின் சூடு இருக்கும், கன்னிகாதானத்தில் கண்ணீர் வரும். இவை எதையும் அந்த மேக்கப் சந்தித்திருக்காது.

முகூர்த்தப் புடவையின் ரவிக்கையையும் மாட்டப்போகிற நகைகளையும் டிரையலுக்கு எடுத்துப்போக வேண்டும். கூந்தலைச் சடங்கு சடங்காகச் சோதிக்க வேண்டும். நெத்திச்சுட்டியை வகிட்டில் பதித்து மேலே பின் குத்திவிட்டால், தாலி கட்டியபின் மாப்பிள்ளை குங்குமம் வைக்க இடம் ஏது? பட்டம் கட்டுகிற வழக்கமுள்ள குடும்பம் என்றால் அதற்கும் நெற்றியில் இடம் விட வேண்டும். தாலி முடிகிறபோது நாத்தனார் ஜடையைத் தூக்கிப் பிடிப்பார். அப்படித் தூக்கிப் பார்த்தால் சவுரி நிற்கிறதா, கழன்று வருகிறதா என்பது தெரிந்துவிடும். காலில் விழும்போது குனிய வேண்டும், அதையும் செய்து பார்க்க வேண்டும். கூறைப்புடவை மாற்றப் பெரும்பாலும் கால் மணி நேரம்தான் கிடைக்கும். அதற்குள் ரவிக்கையும் மாற வேண்டும், தலையும் கலையக் கூடாது.

இன்னொன்று, டிரையலில் யாரும் பூ வைப்பதில்லை. முழுப் பூ ஜடையின் கனம் கல்யாணத்தன்றுதான் முதன்முதலாகக் கழுத்தில் இறங்குகிறது. வாடகை ஜடையோ செயற்கைப் பூவோ கட்டியாவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். தை முகூர்த்தமென்றால் பனியில் மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறியிருக்கும் என்பதால், மாற்றாக என்ன பூ என்பதையும் அப்போதே பேசிக்கொள்வது நல்லது.

நிறத்தைப் பற்றித்தான் எனக்குத் தீராத ஆதங்கம். அன்று பவுடர் பூசி வெளுக்கப் பார்த்தார்கள். இன்று “ரெண்டு ஷேடு ஏத்திடுங்க” என்று உடன் வந்தவரே சொல்லிவிடுகிறார். முகம் ஒரு நிறம், கழுத்தும் கையும் இன்னொரு நிறம் என்று ஆல்பம் முழுக்க யாரோ ஒருத்தி நிற்கிறாள். ஃபவுண்டேஷனைத் தாடையோரம் கழுத்துவரை தடவி, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கரைந்து மறைந்தால் அதுதான் சரியான ஷேடு. பிறகு ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். சிலிக்கா பவுடரும், டைட்டானியம், துத்தநாக ஆக்ஸைடு கலந்த சன்ஸ்கிரீனும் ஃப்ளாஷ் ஒளியைத் திருப்பியடித்து முகத்தைச் சாம்பல் பூசியது போலக் காட்டிவிடும். கண்ணாடியில் அது தெரியாது.

அந்த மேக்கப்போடு வீட்டுக்கு வந்து ஐந்தாறு மணி நேரம் அப்படியே இருங்கள். ஏசி வேண்டாம், அடுப்படியில் வேலை பாருங்கள். மூக்கோரம் எப்போது பிரிகிறது, பொட்டின் பசை அரிக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். புதிய கிரீம், பசை எதுவானாலும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம். இதற்கெல்லாம் அவகாசம் வேண்டும் என்பதால் டிரையல் கல்யாணத்துக்கு ஒரு மாதமாவது முந்தி இருக்கட்டும். உடனே நிறம் பிடிக்க வேண்டுமென்று கறுப்பு மருதாணி கோனை மட்டும் தொடாதீர்கள். பிபிடி என்ற தலைச்சாய வேதிப்பொருளைச் சேர்த்த கோன்கள் உண்டு. அது சிலருக்குக் கையில் கொப்புளம் வரவழைத்துவிடும்.

துணைக்கு ஒருவர் போதும், அதுவும் பெண்ணின் பேச்சைக் காதில் வாங்குகிற ஒருவர். உதட்டுச் சாயம் பிடிக்கவில்லை, ஜடை இழுக்கிறது என்று பெண் சொல்ல வேண்டும். அந்த நாற்காலியில் சொன்னால் மாற்ற நேரம் இருக்கிறது. மொத்தம் எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் கடிகாரத்தில் பாருங்கள். மூன்று மணி நேரம் ஆனதென்றால், விடியற்காலை நாலரை முகூர்த்தத்துக்குப் பெண் ஒரு மணிக்கே எழுந்தாக வேண்டும்.

கிளம்புமுன் பயன்படுத்திய பொருள்களின் ஷேடு எண்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய முகூர்த்த நாள்களில் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று கல்யாணம் சேர்ந்துவிடும், அப்போது உதவியாளரை அனுப்பிவைப்பதும் உண்டு. டிரையல் செய்த கையே அன்றைக்கும் வருமா என்று முன்பணம் கொடுக்குமுன் கேட்டு, அந்தச் சீட்டிலேயே அதையும் எழுதச் சொல்லுங்கள்.