போன டிராம் திரும்பி வருமா?

கண, கண, கண!

மணி அடித்துக்கொண்டு, தண்டவாளத்தின் மேல் ஆடி அசைந்து வரும் டிராம் வண்டி. சென்னைப் பட்டணத்தில் அது சுமார் 58 ஆண்டுகள் ஓடியது. இன்றைய பிள்ளைகள் அதைப் பழைய படங்களில்தான் பார்க்க முடியும்.

கல்கத்தாவிலோ கதை வேறு. நின்றுபோன டிராம்களை மறுபடியும் ஓட்டவேண்டும் என்று அங்கே ஐகோர்ட்டில் வழக்கே நடந்தது!

சென்னையில் முதல் வண்டி

இந்தியாவில் மின்சார டிராம் முதன்முதலில் ஓடியது சென்னையில்தான். ஆண்டு 1895, மே மாதம். முதலில் தரைக்கு அடியிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். பிறகு தலைக்கு மேல் கம்பி கட்டினார்கள். குமாஸ்தாவும் கூலிக்காரரும் ஒரே வண்டியில் போனார்கள்.

பிறகு பஸ்கள் பெருகின. டிராம் கம்பெனிக்கு நஷ்டம் மேல் நஷ்டம். 1953 ஏப்ரலில் டிராம் நின்றது. தண்டவாளங்களும் போயின. அத்துடன் பேச்சும் முடிந்தது.

பம்பாயில் 1964-ல் நின்றது. இலங்கையில் கொழும்பு நகரத்து டிராமும் 1960-ல் நின்றுவிட்டது.

ஒரு பைசாவுக்குப் போராட்டம்

சென்னையில் டிராம் நின்ற அதே 1953-ல் கல்கத்தாவில் பெரிய கிளர்ச்சி நடந்தது. காரணம் என்ன? டிராம் கட்டணத்தில் ஒரே ஒரு பைசா உயர்வு! டிராம் அப்போது வெள்ளைக்காரக் கம்பெனியின் கையில் இருந்தது. ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். டிராம்கள் எரிந்தன. கடைசியில் கட்டண உயர்வு கைவிடப்பட்டது. ஏழைகளுக்கு அந்த வண்டி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே சாட்சி.

அங்கே குதிரை இழுக்கும் டிராம் 1873-ல் தொடங்கியது. மின்சார டிராம் 1902-ல் வந்தது. ஹௌரா பாலத்தின் மேலும் 1993 வரை டிராம் ஓடியது. பிறகு ஒவ்வொரு தடமாக நிறுத்தப்பட்டது. 2023-ல் 150-வது ஆண்டு வந்தபோது, மிஞ்சியவை சில தடங்களே.

சர்க்கார் சொன்ன காரணம்

2024 செப்டம்பரில் மேற்கு வங்காளப் போக்குவரத்து மந்திரி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். மைதானம் பகுதியில் மட்டும் பழைய நினைவுக்காக டிராம் ஓடும். மற்றத் தடங்கள் நிறுத்தப்படும் என்றார்.

நகரத்தின் நிலப்பரப்பில் ரோடு சுமார் 6 சதவிகிதம்தான். அந்தக் கொஞ்ச இடத்தில் கார், பஸ், டிராம் எல்லாம் போகவேண்டும். டிராம் மெதுவாகப் போகிறது. பின்னால் வருகிற வண்டிகள் தேங்குகின்றன. இதுதான் சர்க்கார் கட்சி.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. பஸ் என்றால் ஒதுங்கிப் போகும். டிராமால் தண்டவாளத்தை விட்டு நகர முடியாது. குறுக்கே ஒரு கார் நின்றால் போதும், டிராமும் நிற்கும்!

எதிர்க்கட்சி வாதம்

டிராம் வேண்டும் என்பவர்கள் விடவில்லை. டிராம் மெதுவாகப் போவது டிராமின் குற்றமா, அதன் வழியில் கார் நிறுத்துகிறவர் குற்றமா என்று கேட்டார்கள். டிராம் தெருவில் புகை கக்குவதில்லை. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் எளிதில் உருளும். அதனால் மின்சாரமும் குறைவாகவே செலவாகும். ஒரு டிராமில் பலர் போகலாம். ஒரு காரில் எத்தனை பேர்?

வழக்கை விசாரித்த கல்கத்தா ஐகோர்ட்டின் அப்போதைய தலைமை நீதிபதி டி.எஸ். சிவஞானம், முன்பு சென்னை ஐகோர்ட்டில் நீதிபதியாக இருந்தவர். டிராமை மீட்க வழி உண்டா என்று ஆராய 2023-ல் கோர்ட்டு ஒரு கமிட்டி அமைத்தது. 2025 ஜனவரியில், தண்டவாளங்களைத் தார் போட்டு மூடுவதை நிறுத்தும்படி சொன்னது.

இது சின்ன விஷயம் அல்ல. தண்டவாளம் இருக்கும் வரையில்தான் பேச்சுக்கு இடம். தார் மூடிவிட்டால், தீர்ப்பு வருவதற்கு முன்பே காரியம் முடிந்துவிடும். சென்னையில் நடந்தது அதுதானே!

பிரான்சில் வந்த மாற்றம்

நின்ற டிராம் திரும்பி வந்ததுண்டா? உண்டு. பிரான்சு தேசத்தில் நாந்த் நகரம் 1958-ல் டிராமை நிறுத்தியது. பிறகு புதிய தடம் போட முனைந்தபோது ஊரில் பலத்த எதிர்ப்பு. டிராமைக் கொண்டுவந்த மேயர் 1983 தேர்தலில் தோற்றே போனார். ஆனால் 1985-ல் வண்டி ஓடியது. ஜனங்கள் விரும்பி ஏறினார்கள். பல நகரங்கள் அதைப் பின்பற்றின. ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 1960-ல் நின்ற டிராம் 1994-ல் மீண்டும் வந்தது.

அங்கே அவர்கள் செய்தது ஒன்று. டிராமுக்குத் தனி வழி விட்டார்கள். காருக்கு இடம் குறைந்தது.

ரோடு யாருக்கு?

கல்கத்தா வழக்கின் சாரமும் அதுதான். ரோட்டில் முதல் உரிமை யாருக்கு? தனியாகக் காரில் போகிறவருக்கா, கூட்டமாக டிராமில் போகிறவர்களுக்கா?

ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுக்கு டிராம் வரப்போவதில்லை. ஆனால் அங்கிருந்து திருப்பத்தூருக்கு இறங்குகிறவர்களுக்கு இந்த வழக்கு எளிதில் புரியும். நஷ்டம் என்று ஒரு பஸ்ஸை நிறுத்துவதற்கு ஒரு நாள் போதும். அந்த நஷ்டம் கணக்குப் புத்தகத்தில் ஏறும். பஸ் இல்லாமல் நடந்தவரின் கால்வலி எந்தக் கணக்கிலும் ஏறாது.