அனுபவசாலிக்கு எதற்குப் பயிற்சி?

2018 ஜனவரி 13, சனிக்கிழமை காலை 8:07 மணி. ஹவாய் தீவுகள் முழுக்கக் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் அலறின. ஏவுகணை வந்துகொண்டிருக்கிறது, உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், இது ஒத்திகை அல்ல என்றது குறுஞ்செய்தி. ஏவுகணை எதுவும் வரவில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் நடந்த ஒத்திகையில், ஊழியர் ஒருவர் நிஜ எச்சரிக்கையையே அனுப்பிவிட்டார். தவறு நடந்துவிட்டது என்ற மறுசெய்தி கைப்பேசிகளுக்கு வந்துசேர 38 நிமிடம் ஆனது. விசாரித்த அமெரிக்க மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் சுட்டிய குறைகளில் இரண்டு முக்கியமானவை. ஒரே ஆள் தவறுதலாக எச்சரிக்கையை அனுப்பிவிடாமல் தடுக்க எந்த ஏற்பாடும் இல்லை. அப்படிப் போய்விட்டால் அடுத்து என்ன செய்வது என்று எழுதிவைத்த நடைமுறையும் இல்லை.

இப்படிப்பட்ட ஓட்டைகள் விசாரணையில்தான் வெளியே வரவேண்டும் என்பதில்லை. முன்கூட்டியே வெளியாட்களை வரவழைத்துச் சோதித்துக்கொள்ள அமெரிக்காவில் ஒரு வழி இருக்கிறது. ‘ஈமேப்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அவசரகால மேலாண்மை அங்கீகாரத் திட்டம் அது. முதல் அங்கீகாரங்கள் 2003-ல் ஃபுளோரிடா மாநிலத்துக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் கிடைத்தன. அங்கீகாரம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு மறுபடியும் சோதனை. இது கட்டாயமல்ல. மாநிலமோ, மாவட்டமோ, பல்கலைக்கழகமோ தானாக விண்ணப்பிக்க வேண்டும்.

சோதிக்கப்படுவது பேரிடர் அலுவலகம் மட்டுமல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். தீயணைப்பு, காவல், பொது சுகாதாரம், பொதுப்பணி, நிதி என்று அந்த ஊரின் பேரிடர் வேலையில் கைவைக்கும் எல்லாத் துறைகளும் சேர்ந்த ஏற்பாட்டைத்தான் ‘புரோகிராம்’ என்கிறார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட தரவிதிகள் உண்டு. அபாயங்களைக் கணிப்பது, எச்சரிக்கை கொடுப்பது, பக்கத்து ஊர்களோடு உதவி ஒப்பந்தம், தளவாடம், ஒத்திகை, நிதி நிர்வாகம் என்று அவை நீள்கின்றன.

சோதிக்கப் போகிறவர்களும் இதே தொழிலில் இருப்பவர்கள். புயல், வெள்ளம், காட்டுத்தீ பார்த்தவர்கள். சம்பளமில்லாமல், சொந்த வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இவர்களுக்கும் மதிப்பீட்டாளர் பயிற்சி முடித்தால்தான் குழுவில் இடம். இத்தனை ஆண்டு களத்தில் நின்றவருக்குப் புதிதாக என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?

அனுபவத்தை அடக்கிவைக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. என் கணக்கில் இந்தப் பயிற்சியின் கடினமான பகுதி இதுதான். அனுபவசாலியின் வாயில் முதலில் வருவது ‘எங்கள் ஊரில் இப்படிச் செய்வோம்’ என்ற பேச்சு. மதிப்பீட்டாளர் அதைப் பேசக் கூடாது. தரவிதி எதைக் கேட்கிறதோ அது இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி. பெரும்பாலான விதிகள் என்ன வேண்டும் என்று சொல்லுமே தவிர, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லாது. ஆகவே தனக்குப் பிடிக்காத முறையில் செய்திருந்தாலும், விதி நிறைவேறியிருந்தால் ஒப்புக்கொள்ள வேண்டும். தனக்குப் பிடித்த மனிதர்களாக இருந்தாலும், சான்று இல்லையென்றால் இல்லை என்றுதான் எழுத வேண்டும்.

ஒரு விதியை மட்டும் கிட்டப்போய்ப் பார்ப்போம். ஓர் அபாயம் நிகழ்ந்தால் விளைவு என்ன என்று ஆராய்ந்திருக்க வேண்டும் என்கிறது அது. யாருக்கு, எதற்கு என்ற பட்டியலும் அதிலேயே இருக்கிறது: பொதுமக்கள், மீட்புப் பணியாளர்கள், அரசுச் சேவைகளின் தொடர்ச்சி, கட்டடங்களும் உள்கட்டமைப்பும், சுற்றுச்சூழல், பொருளாதாரம், கடைசியாக நிர்வாகத்தின் மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை. ஒரு மாவட்டம் தடித்த வெள்ளத் திட்டக் கோப்பை மேசையில் வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை வீடு மூழ்கும், எந்தப் பாலம் போகும், இழப்பு எவ்வளவு என்று வரைபடத்தோடு இருக்கிறது. அனுபவசாலிக்குப் புரட்டிய உடனே மதிப்பு வந்துவிடும். பயிற்சி பெற்றவர் பட்டியலில் உள்ள ஏழு அம்சங்களையும் ஒவ்வொன்றாகத் தேடுவார். படகில் போகும் தீயணைப்பு வீரருக்கு என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை. மக்கள் நம்பிக்கை பற்றியும் இல்லை. கோப்பின் கனத்துக்கு மதிப்பெண் கிடையாது.

ஒத்திகை பற்றிய விதியிலும் இதே கதைதான். ஒத்திகை நடத்தினோம் என்பதற்குப் புகைப்படம் போதாது. குறை என்ன தெரிந்தது, திருத்தும் பொறுப்பு யாருக்குப் போனது, திருத்தியாயிற்றா என்று கடைசிவரை நூல் பிடித்துப் போக வேண்டும். 2004 ஜூலையில் லூசியானாவில் ‘பாம்’ என்ற கற்பனைச் சூறாவளியை வைத்துப் பெரிய ஒத்திகை நடந்தது. நியூ ஆர்லியன்ஸ் மூழ்குவதாகவே அதில் காட்சி. அதிலிருந்து எழுத வேண்டிய திட்டங்கள் முழுமையடையும் முன்பே, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 29-ல் கத்ரீனா என்ற நிஜச் சூறாவளியே வந்துவிட்டது.

நேர்காணலுக்கும் தனிப் பழக்கம் வேண்டும். ‘உங்களிடம் திட்டம் இருக்கிறதல்லவா?’ என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ‘நள்ளிரவில் ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள், அந்த எண் எங்கே இருக்கிறது?’ என்று கேட்டால் கோப்புக்கும் ஆளுக்கும் உள்ள தூரம் தெரிந்துவிடும். உயர்கல்வி நிறுவனங்களைத் தரம்பார்க்கும் ‘நாக்’ குழு வருகிறது என்றதும் நம் கல்லூரிகளில் சுவருக்கு வெள்ளையடித்து, விடிய விடியக் கோப்பு தயாரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தூரத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. இது காகிதத்தை அதிகம் நம்பும் முறை. ஆள்பலமில்லாத சிறிய மாவட்டம் கோப்பு சேர்ப்பதிலேயே களைத்துப்போகும். அங்கீகாரம் வாங்கிய ஊர் அடுத்த புயலில் தடுமாறாது என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. தவிர, இது சிறிய தொழில் வட்டம். இன்று நான் உன்னைச் சோதிக்கிறேன், நாளை நீ என் ஊருக்கு வரலாம் என்ற நிலையில் தாட்சண்யம் நுழைவது சுலபம். அதனால்தான் கள மதிப்பீட்டாளர் கண்டதை அறிக்கையாகக் கொடுப்பதோடு நின்றுகொள்கிறார். அங்கீகாரம் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு மேலே உள்ள ஈமேப் ஆணையத்துடையது.

சம்பளமில்லாத இந்த வேலைக்கு ஏன் போகிறார்கள் என்றால், சேவை மனப்பான்மை ஒரு பக்கம், சுயநலம் மறுபக்கம். இன்னொரு ஊரின் கோப்பை வரிவரியாகப் பார்க்கும் வாய்ப்பு வேறு எங்கும் கிடைக்காது. தன் ஊர் விண்ணப்பிக்கும் முன்பு, எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பவர் எதைத் தேடுவார் என்று தெரிந்துகொள்ளவும் இதைவிட நல்ல வழி இல்லை.