எல்லா வீட்டிலும் 192.168.1.1

தொப்பூர்க் கணவாயில் ஏறி இறங்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை போகிறது. அந்தச் சாலையோரம் தொப்பூரில் ஒரு வீட்டு வைஃபை பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 192.168.1.1 என்று இருக்கலாம். அதுதான் பெட்டியின் முகவரி. அதே சாலையில் பெங்களூரிலோ நாக்பூரிலோ டெல்லியிலோ இறங்கிப் பார்த்தாலும், பல வீடுகளில் அதே எண்தான்! அப்படியானால் தொப்பூருக்கு வரவேண்டிய கார்ட்டூன் நாக்பூருக்குப் போய்விடாதா?

போகாது. வீட்டுக்குள் "தாத்தா!" என்று கூப்பிட்டால் உங்கள் தாத்தாதான் திரும்பிப் பார்ப்பார். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு அது கேட்பதே இல்லை. 192.168 என்று தொடங்கும் எண்களும் அப்படித்தான், வாசலுக்குள் மட்டுமே செல்லும். 10 என்று தொடங்கும் எண்களும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் இதே வகை. 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 என்ற ஆவணத்தில் இணையப் பொறியாளர்கள் இவற்றை ஒதுக்கி வைத்தார்கள்.

முகவரியில் நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை வரலாம். 256ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள், சுமார் 429 கோடி வரும். இந்த வகை முகவரி உலகத்துக்கே அவ்வளவுதான்! 2011 பிப்ரவரியில் உலகப் பொது இருப்பிலிருந்த கடைசித் தொகுதிகளையும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் நம் வீட்டில் நாலு போன், ஒரு டிவி என்று ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

அங்கேதான் ரவுட்டரின், அதாவது அந்த வைஃபை பெட்டியின், கெட்டிக்காரத்தனம். உங்கள் போனின் எண் 192.168.1.5 என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு வீடியோ கேட்கிறது. ரவுட்டர் அந்த எண்ணை எடுத்துவிட்டு, இணையக் கம்பெனி தனக்குக் கொடுத்த எண்ணைப் போட்டு வெளியே அனுப்புகிறது. கூடவே 40001 போன்ற ஓர் அடையாள எண்ணையும் சேர்த்து, '40001 என்றால் 1.5க்கு' என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. வீடியோ 40001ஐத் தேடி வந்ததும் குறிப்பைப் பார்த்து உங்கள் போனிடம் கொடுக்கிறது. நீங்கள் ஒரு முறை கண் சிமிட்டுவதற்குள் இப்படி எத்தனையோ முகவரிகளை மாற்றி எழுதிவிடும். எனக்கு இது இன்றைக்கும் அதிசயம்தான்.

சிக்கல் வருவது ஒரே வீட்டில் இரண்டு தாத்தா இருக்கும்போது. பின்கட்டு அறைக்கு சிக்னல் எட்டவில்லை என்று அப்பா இன்னொரு ரவுட்டர் வாங்கி, பழைய பெட்டியிலிருந்து கேபிள் இழுத்து மாட்டுகிறார். அதற்கும் 192.168.1.1! உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே வரிசை எண்களாக இருந்தால், எந்தப் பக்கம் அனுப்புவது என்று புது ரவுட்டர் திணறும், நெட் வராது.

பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிசெய்யுங்கள். கேபிளைக் கழற்றிவிட்டுப் புது ரவுட்டரின் வைஃபையில் மட்டும் சேருங்கள். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து, சீட்டில் உள்ள பாஸ்வேர்டைக் கொடுங்கள். லேன் என்ற பக்கத்தில் மூன்றாவது பகுதியை மாற்றி 192.168.2.1 ஆக்கிச் சேமியுங்கள். உடனே பக்கம் அப்படியே நின்றுவிடலாம். பயம் வேண்டாம், பெட்டி கெடவில்லை. பழைய முகவரியை விட்டுப் போய்விட்டது. வைஃபையை ஒரு முறை அணைத்துப் போட்டு, புது எண்ணை அடித்தால் திறக்கும். இப்போது கேபிளைத் திரும்ப மாட்டுங்கள். போனின் வைஃபை விவரத்தில் 192.168.2 என்று தொடங்கும் எண் தெரிந்தால், புது ரவுட்டர் உங்கள் போனுக்கு முகவரி கொடுத்துவிட்டது.